எட்டாவது காகிதம்

ஐந்து டிஸ்க் வைத்திருக்கிறேன். ஐந்திலும் ஒரே படம்.
"அதே பெண், அதே அழுகை, ஐந்து விலை"
என்பான் டுயிலியோ,
ஷூவைக் கழற்றிக்கொண்டே.

அவனுக்கென்ன தெரியும்.
முதலாவதில் அவள் முகம் பாசி பிடித்த பச்சை.
ஜப்பானிலிருந்து வரவழைத்ததில் மஞ்சள்காமாலை.
ஜெர்மன்காரர்கள் கிரெய்னைத் துடைத்தெடுத்து,
கன்னங்களுக்கு இஸ்திரி போட்டு
எல்லோரையும் மெழுகுப் பொம்மையாக்கிவிட்டார்கள்.
நான்காவதில் மேலும் கீழும் வெட்டு:
நெற்றியில்லாத ஒருவனைக் காதலிக்கிறாள்.

ஐந்தாவது நவம்பரில் வந்தது.
மூல நெகட்டிவிலிருந்து, கெட்டி அட்டைப் பெட்டியில்,
ஆயிரத்து ஐந்நூறில் நானூற்றுப் பன்னிரண்டு
என்று பென்சிலில் எண் போட்டு.
பிளேயர் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டது.

அந்தக் கிரெய்ன்!
சலித்த ரவைபோல், திரை முழுக்க
மூச்சு விட்டபடி.
கோட்டு சிவப்பு.
இருபது வருடம் அதைப் பழுப்பென்று நம்பியிருந்தேன்.
மூன்றாம் பொத்தானை வேறு நிற நூலில் தைத்திருக்கிறது,
யார், எந்த அவசரத்தில்?
அழுகைக்கு முன் மேலுதட்டில் ஒரு நடுக்கம்,
வேறெந்த டிஸ்க்கிலும் இல்லாதது.
டுயிலியோகூட ஒற்றை ஷூவோடு நின்றுவிட்டான்.

பிறகு நாற்பத்தேழாவது நிமிடம்.
எங்கள் த்ரியெஸ்தே கப்பல்துறை. போரா வீசுகிறது.
மலையிலிருந்து இறங்கி ஆளைத் தூக்கும் காற்று அது;
அந்தக் காலத்தில் பிடித்து நடக்கத்
தெருவோரம் கயிறு கட்டுவார்கள்.
ஒரு கை கயிற்றில், ஒரு கை தொப்பியில்,
குடிகாரர்கள்போல் சாய்ந்து நடக்கிறார்கள்
வெறும் வெளிக்கு எதிராக.
பறக்கும் காகிதங்களைக் காணோம்.

மற்ற நான்கிலும் உண்டு.
மீன் சந்தைப் பக்கமிருந்து எட்டுத் துண்டுகள்,
கண்ணிமைக்குமுன் கடந்துபோகும்.
எண்ணியிருக்கிறேன். என் பிழைப்பே அதுதான்:
துறைமுகத்தில் காப்பிக்கொட்டையைத் தட்டில் பரப்பி
கல்லும் சொத்தையும் பொறுக்குவது.
நல்ல கொட்டையைக் கல்லென்று எறிந்தவர்களைத் தெரியும்.
நானே எறிந்திருக்கிறேன், திங்கட்கிழமைகளில்.

கடிதம் போட்டேன்.
உதீனே ஆய்வகத்திலிருந்து உல்சிக்ராய் என்றொருத்தி
பதில் எழுதினாள்:
"ஒரே ஒரு ஃப்ரேமில் தோன்றி மறைவதையெல்லாம்
மென்பொருள் அழுக்கென்று எடுத்துக்கொள்ளும்.
ஓர் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.
அந்த ரீலுக்கு உட்கார்ந்தது நான்தான்.
அன்றைக்கு ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது."
மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை.
அதனாலேயே அவளை நம்பினேன்.

மாற்று டிஸ்க் ஜூனில் வந்தது,
பெட்டியில்லாமல், வெள்ளை உறையில்.
ரிமோட்டில் கட்டைவிரல். ஃப்ரேம் ஃப்ரேமாக.
ஒன்று, இரண்டு.
மூன்றாவது தொப்பிக்கு மேலே.
நான்கும் ஐந்தும் ஒன்றையொன்று துரத்தி.
ஆறு.
ஏழு.

பின்னால் போய் மறுபடி எண்ணினேன்.
ஏழு.

பச்சை முகத்துக்காரியை எடுத்துப் போட்டேன்.
பாதிரியாரின் தோளுக்கு மேலே, இருக்கிறது, எட்டாவது.
மற்றவற்றைவிடச் சிறியது, கொஞ்சம் அதிக வெள்ளை.
அவையெல்லாம் கடல் பக்கம் இழுபட,
இது மட்டும் விளிம்பு கலையாமல், எங்கும் போகாமல்.

தூசு.
பழைய நான்கும் ஒரே பிரதி பெற்ற பிள்ளைகள்;
அதை அச்சிட்ட அறையில்
எவர் சட்டைக் கையிலிருந்தோ விழுந்திருக்கிறது.

எட்டில் எனக்குப் பிடித்தது அதுதான்.
அவள் கிழித்தெறிந்த கடிதத்தின் துண்டென்று வைத்திருந்தேன்.
கடைசிக் காட்சியில் அவள் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று
யார் கேட்டாலும்
அதைக் காட்டித்தான் விளக்குவேன்.

உல்சிக்ராய்க்கு எழுதினேன்:
"ஏழும் வந்துவிட்டன. நன்றி."
ரயிலைப் பிடித்தாளா என்று கேட்க நினைத்து
கேட்கவில்லை.

"ஆக, ஆறு டிஸ்க்" என்றான் டுயிலியோ.
"அந்தப் பச்சையையாவது தூக்கிப் போடேன்."

ஜன்னல் திறந்திருந்தது. திரைச்சீலை அசையவில்லை.
பச்சையைச் சட்டை நுனியால் துடைத்து
கைக்கெட்டும் தட்டில் வைத்தேன்.